இத்தனை ஸ்கூல் ஏன் மாறினீங்க?

காட்பாடி பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வேலை கேட்டுப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்பதற்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தார்கள். எனக்கு ஆறு கோடு வேண்டும். ஆபீஸில் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அதில் எழுதிப் பின் அடித்துக் கொடுத்தேன்.

கரெஸ்பாண்டென்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். ஜபல்பூர், பத்து மாதம். பட்டிண்டா, பத்து மாதம். அதே ஊர், அதே ஸ்கூல், மறுபடி பத்து மாதம். அதே ஊரில் வேறு ஸ்கூல், ஏழு மாதம். செகந்திராபாத், ஒரு வருஷம் ஒன்பது மாதம். பெல்காம், பதினோரு மாதம்.

"ஏன்ம்மா இத்தனை ஸ்கூல் மாறியிருக்கீங்க? எங்கேயும் ஒத்துவரலையா?"

"வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்தார் சார்."

அவர் முகம் மாறிவிட்டது. பியூனைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். கார்கில் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு சம்பளப் பேச்சு வந்தது. "அனுபவம் துண்டு துண்டா இருக்கு பாருங்க. கன்டினியூட்டி இல்லை. அதனால ஃப்ரெஷருக்குக் குடுக்கறதைத்தான் குடுக்க முடியும்" என்றார். காபி நன்றாகவே இருந்தது.

என் கல்யாணம் 2006ல். 2022ல் அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இந்தப் பதினாறு வருஷத்தில் நான் வகுப்பறையில் நின்றது, எல்லாத் துண்டையும் கூட்டினால், ஐந்து வருஷம் ஒன்பது மாதம். கணக்கு வாத்தியாரம்மா என்பதால் பலமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பட்டாளம் புதிதில்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார்கள். என் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மிலிட்டரி மாப்பிள்ளைக்கு இன்றைக்கும் மவுசு உண்டு. பெண் பார்க்க வந்த அன்று தரகர் என் அப்பாவிடம், "பொண்ணு எம்.எஸ்ஸி., பி.எட். படிச்சிருக்கு. டீச்சர் வேலைக்கு என்னங்க, இந்தியாவில எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும்" என்றார். அப்பாவும் நம்பினார். நானும் நம்பினேன்.

இந்த வேலை எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ராணுவத்தில் போஸ்டிங் இரண்டு வகை. ஃபீல்டு என்றால் எல்லைப் பக்கம். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பீஸ் ஸ்டேஷன் என்றால் கன்டோன்மென்ட் ஊர். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பம் போகலாம். பீஸ் போஸ்டிங் இரண்டரை, மூன்று வருஷம். யூனிட் வந்து இறங்கியதும் எல்லாருக்கும் வீடு கொடுத்துவிட மாட்டார்கள். வரிசை உண்டு. நாங்கள் ஜபல்பூரில் ஐந்து மாதம் காத்திருந்தோம். வீடு ஒதுக்கி, நான் டிரங்குப் பெட்டிகளோடு போய் இறங்கியபோது ஆகஸ்ட் மாதம். வட இந்தியப் பள்ளிகளில் வகுப்பு ஏப்ரலில் தொடங்கிவிடும். நேர்காணலெல்லாம் பிப்ரவரி, மார்ச்சோடு முடிந்திருக்கும். கேந்திரிய வித்யாலயாக்களில் ஒப்பந்த ஆசிரியர்களை எடுக்கும் வாக்-இன் இன்டர்வியூவும் அந்தச் சமயத்தில்தான். ஆகவே முதல் வருஷம் வேலை இல்லை. இரண்டாம் வருஷம் ஏப்ரலில் சேர்கிறோம். மூன்றாம் வருஷம் அடுத்த போஸ்டிங் பேச்சு காதில் விழ ஆரம்பிக்கும். அது விழுவது நம் காதில் மட்டும் இல்லை, பிரின்சிபால் காதிலும்தான்.

பட்டிண்டாவில் ஒரு பள்ளியில் நேர்காணல். டிரிகோணமெட்ரியில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னார்கள். போட்டேன். தலையாட்டினார்கள். அடுத்த கேள்வி, "ஆப்கே ஹஸ்பண்ட் கா யூனிட் யஹாங் கப் தக் ஹை?" கணவரின் யூனிட் இங்கே எதுவரை இருக்கும் என்று கேட்கிறார்கள். பாடத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை. பொய் சொன்னால் வேலை கிடைக்கும், உண்மை சொன்னால் கிடைக்காது. முதல் முறை உண்மை சொன்னேன். இரண்டாம் முறை, "இப்பத்தான் வந்திருக்காங்க சார்" என்றேன். அப்போது யூனிட் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலோடு வேலை வாங்கிய ராணுவ மனைவியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பத்து மாதத்துக்கும் ஒரு கதை உண்டு. ஏப்ரலில் சேர்த்துக்கொள்வார்கள். ஜனவரிக் கடைசியில் பாடம் முடிந்த கையோடு ஒப்பந்தமும் முடியும். வேண்டுமென்றால் அடுத்த ஏப்ரலில் புது ஆளாகச் சேர்ப்பார்கள். 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி கிராஜுவிட்டி வாங்க ஒரே இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும் என்று 2009ல் திருத்தமே வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றப்படுகிறவளுக்கு ஐந்து வருஷம் எங்கிருந்து வரும்? இப்போது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு என்கிறது. படித்ததும் சந்தோஷப்பட்டேன். பிறகு என் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பத்து மாதம், பத்து மாதம், பத்து மாதம், ஏழு மாதம், பதினோரு மாதம். ஆறு சான்றிதழில் ஒன்றே ஒன்றுதான் வருஷக் கோட்டைத் தாண்டியிருக்கிறது.

அந்த ஃபைலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிலிட்டரிக்காரர் வீட்டில் எல்லாப் பெட்டியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருக்கும். கல்யாணமான புதிதில் என் புடவைப் பெட்டியிலும் அப்படித்தான் எழுதினார். சர்டிபிகேட் ஃபைலில் மட்டும் நான் என் பெயரை எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு மாற்றலிலும் அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறுவேன். குழந்தை, தண்ணீர் பாட்டில், ஃபைல். செகந்திராபாத்தில் இறங்கும்போது குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஃபைலை நான் பிடித்துக்கொண்டேன் என்று இன்றுவரை கிண்டல் செய்கிறார்.

என் பாடாவது பரவாயில்லை. பட்டிண்டாவில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு நாயக்கின் மனைவி இருந்தாள். மதுரைப் பக்கம். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவள். நர்சிங் படிப்பு இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் வேலை பார்க்க வேண்டுமானால் அந்தந்த மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். சொந்த மாநிலக் கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, அதைப் புது மாநிலத்தில் கொடுத்து, அவர்கள் சரிபார்த்துப் பதிவு போட வேண்டும். கட்டணம் தனி. நடுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில். அவள் பதிவு வருவதற்குள் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் 'ஹெல்பர்' என்று சேர்ந்தாள். வென்டிலேட்டர் பார்த்த கை, பெட்ஷீட் மாற்றியது. ராத்திரியில் கேஸ் சீரியஸானால் டாக்டர் அவளைத்தான் கூப்பிடுவார். சம்பளம் மட்டும் ஹெல்பர் சம்பளம். ஒரு வருஷத்துக்குப் பிறகு பதிவு வந்தது. பதிவு வந்த நாலாவது மாதம் அவள் கணவருக்கு அசாமுக்கு மாற்றல்.

இங்கே வக்கீல்களை நினைத்துக்கொள்ளலாம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 30வது பிரிவு ஐம்பது வருஷம் தூங்கிவிட்டு 2011 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. வந்ததோ இல்லையோ, தமிழ்நாட்டில் பதிவு செய்த வக்கீல் பஞ்சாப் கோர்ட்டிலும் நின்று வாதாடலாம். மொழி தெரியாத கோர்ட்டில் வக்கீல் வாதாடலாம். நரம்பு எல்லா மாநிலத்திலும் ஒரே இடத்தில் இருக்கும்போது நர்ஸ் ஊசி போடப் புதுப் பதிவு வேண்டுமாம். 2023ல் பாராளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேற்றியது. 1947ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த இது, தேசியப் பதிவேடு ஒன்றுக்கு வழி செய்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும் படைவீரரின் மனைவி, போகிற மாநிலத்தில் அன்றைக்கே வேலையில் சேரலாம், சரிபார்ப்பைக் கவுன்சில்கள் தங்களுக்குள் கம்ப்யூட்டரில் முடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு விதி எழுத எத்தனை நாளாகும்?

அரசு வேலையில் இருப்பவள் நிலைமை வேறு மாதிரி. கிராம நிர்வாக அலுவலரோ, அரசுப் பள்ளி ஆசிரியையோ, அவளுக்குச் சம்பளம் உண்டு, சீனியாரிட்டி உண்டு, ஓய்வுக்காலத்துக்கு ஏதோ ஒன்று உண்டு. கணவர்தான் இல்லை. தமிழ்நாட்டில் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் ராணுவத்தில் இருப்பவரின் மனைவிக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முன்னுரிமையால் அவள் மாமியார் வீட்டுப் பக்கம் வரலாம். கணவர் இருக்கும் அம்பாலாவுக்குப் போக முடியாது. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வேலை பார்க்க வகை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 1986லிருந்து சொல்லிவருகிறது. 2009ல் இன்னும் அழுத்தமாக ஆணை போட்டது. அது மத்திய அரசு ஊழியர்களுக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியரைப் பஞ்சாபுக்கு மாற்ற அங்கே தமிழ்நாட்டு அரசு இல்லையே. பொதுத்துறை வங்கிகளுக்கும் 2014ல் நிதியமைச்சகம், திருமணமான பெண் ஊழியரைக் கணவர் இருக்கும் ஊரிலோ அருகிலோ அமர்த்தச் சொன்னது. ஆபீசராக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். எழுத்தர்களை மாநில வாரியாக, அந்தந்த மாநில மொழி தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றம் கிடையாது என்று வேலை விளம்பரத்திலேயே போட்டுவிடும் வங்கியும் உண்டு.

மொழிச் சங்கடத்தை யார் மேலும் பழி போட்டுச் சொல்ல முடியாது. பஞ்சாபில் அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு அளவிலாவது பஞ்சாபி படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்த் தகுதித் தாள் வைத்திருப்பதைப் போலத்தான் அதுவும். இங்கே ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் செய்திருந்தால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்று 2021ல் அறிவித்தார்கள். மாநில எல்லை தாண்டினால் அந்த ஆயுள் முடிந்துவிடும். தமிழ் எம்.ஏ. படித்த பெண்ணை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகள் நடத்துகிறது. அங்கே போஸ்டிங் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஜபல்பூரில் தமிழ் எம்.ஏ. ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, உங்க பொண்ணுக்கு அ, ஆ சொல்லித் தரட்டுமா? காசு வேணாம்" என்று கேட்டாள். அவளுக்குக் கை துறுதுறுத்தது.

அப்படியானால் எங்களுக்காக யாரும் எதுவும் செய்யவில்லையா என்றால், செய்கிறார்கள். ராணுவ மனைவியர் நலச் சங்கம் என்று தொடங்கிய அமைப்பு 1966லிருந்து இருக்கிறது. கணவரைப் பறிகொடுத்தவர்களுக்கு அது தாங்கலாக நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் யூனிட்டில் மாதம் ஒருமுறை வெல்ஃபேர் கூட்டம் நடக்கும். நல்ல புடவை கட்டிக்கொண்டு போக வேண்டும். சி.ஓ. மேடம், அதாவது கமாண்டிங் ஆபீசரின் மனைவி, வருவார்கள். தையல், பியூட்டீஷியன், கேக், ஊறுகாய், மெழுகுவத்தி. எல்லாம் உபயோகமான கைத்தொழில்தான். ஒருமுறை கூட்டத்தில் யார் யார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஒரு மேடம் கேட்டார். எங்கள் வரிசையில் மட்டும் இரண்டு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு எம்.காம்., பி.எட். மூன்று பேர். "வெரி குட்" என்றார். அடுத்த மாதமும் மெழுகுவத்திதான். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவரே எம்.பி.ஏ. படித்துவிட்டு இருபது வருஷமாகச் சம்பளமில்லாமல் எங்கள் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர். ஆபீசர் மனைவிக்கு வீடு பெரிது; ஃபைல் எங்கள் ஃபைல் மாதிரிதான்.

ஒன்று மட்டும் எனக்குச் செரிப்பதில்லை. மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு விதவைக்கும், விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவருக்கும் 35 வயது வரை வரம்பு தளர்வு உண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. முன்னாள் படைவீரருக்குக் குரூப் சி-யில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு, வயதுச் சலுகையும் உண்டு. இவை எல்லாம் நியாயமானவை, இருக்க வேண்டியவை. இவற்றின் நடுவே சேவையில் இருக்கும் வீரனின் மனைவிக்கு வயதுத் தளர்வு இல்லை. அவர் ஓய்வு பெற்று வந்தால் அவருக்குச் சலுகை. அவருக்கு ஏதாவது ஆனால் எனக்குச் சலுகை. அவர் நல்லபடியாகப் படையில் இருந்த பதினாறு வருஷமும் என் வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இரண்டாவது வருமானம் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏழாவது ஊதியக்குழுப்படி சிப்பாயின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். ராணுவப் பணிக்கான தனிச் சம்பளம் 5,200 ரூபாய். அகவிலைப்படி அதற்கு மேல். இதில் குடும்பத்துக்குச் சாப்பாடு, ஊரில் அப்பா அம்மா, தங்கை கல்யாணம். 2022க்கு முன் சேர்ந்தவர் சிப்பாயாகவே இருந்துவிட்டால் பதினேழு வருஷச் சர்வீஸ் முடித்து நாற்பதைத் தொடாத வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு மறுவேலை வாய்ப்புப் பயிற்சி கொடுக்க டெல்லியில் ஒரு இயக்குநரகமே இருக்கிறது. அந்த வீட்டில் இன்னொருத்தியும் அதே நாளில் அந்த ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். அவள் கையில் இருப்பது துண்டுத் துண்டான சான்றிதழ்கள்.

அமெரிக்காவைக் காட்டி நம்மூரைத் திட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அங்கேயும் ராணுவத்தார் மனைவிமார் பிழைப்பு சொகுசாக இல்லை. அவர்களுடைய ராணுவத் துறையே 2021ல் எடுத்த கணக்கெடுப்பில், வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 21 சதவீதம் என்று வந்தது. ஆனால் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியதால் 2023 ஜனவரியில் ஒரு சட்டத்திலேயே வழி செய்தார்கள். ராணுவ மாற்றலால் வேறு மாநிலம் போகிறவரின் துணைக்குச் சொந்த மாநிலத்தில் வாங்கிய தொழில் உரிமம் புது மாநிலத்திலும் செல்லும். நர்ஸுக்கும் செல்லும், டீச்சருக்கும் செல்லும். வக்கீலை மட்டும் சேர்க்கவில்லை. நம் ஊருக்கு அப்படியே தலைகீழ்.

வேலூர் கலெக்டர் ஆபீஸில் ஒருமுறை குறைதீர்க்கும் நாளுக்குப் போயிருந்தேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் நடத்தும் கூட்டம் அது. முன்னாள் வீரர்களும், இப்போது படையில் இருப்பவர்களின் குடும்பத்தினரும் மனு கொடுக்கலாம். நீண்ட வரிசை. பட்டா மாறுதல், வேலித் தகராறு, வீட்டுமனை, பென்ஷனில் பெயர்ப் பிழை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி, தன் மகன் லடாக்கில் இருக்கும்போது பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று சொல்லி அழுதாள். அந்த வரிசையில் வேலை கேட்டு நின்றவள் நான் ஒருத்திதான். என் மனுவை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று மேசையில் இருந்தவருக்குத் தெரியவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். பள்ளிக்கல்வியா, வேலைவாய்ப்பா, ராணுவமா? கடைசியில் 'இதர' என்ற கட்டில் வைத்தார்.

இந்த 'இதர'வைத்தான் முதலில் எடுக்க வேண்டும். படைவீரர் குடும்பங்களைப் பற்றி ராணுவத்திடம் இல்லாத விவரம் கிடையாது. கல்யாணமானதும் பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் மனைவி பெயர் ஏறுகிறது. குழந்தை பிறந்தால் ஏறுகிறது. கூடவே அவள் படிப்பு, தொழில் பதிவு எண், கடைசியாகப் பார்த்த வேலை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி வைத்தால் எந்த ஊரில் எத்தனை நர்ஸ், எத்தனை டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரிந்துவிடும். யூனிட் போகிற கன்டோன்மென்ட்டின் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அந்தப் பட்டியல் மூன்று மாதம் முன்னாலேயே போகலாம். போஸ்டிங் ஆர்டர் மூன்று மாதம் முன்னால் வராது என்பார்கள். யூனிட் எங்கே போகிறது என்று கேன்டீனில் அதற்கு முன்பே பேசிக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நாடு முழுக்க நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆர்மி பப்ளிக் ஸ்கூல்கள் இருக்கின்றன. ஒரே அமைப்பு, ஒரே தேர்வுமுறை. அதில் ஒரு பள்ளியில் வேலை பார்த்த படைவீரர் மனைவி, கணவரின் மாற்றலோடு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போனால், சர்வீஸ் அறுபடாமல் தொடர வேண்டும். அவளைப் புது ஆளாகச் சேர்க்கக் கூடாது. காலியிடம் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் முதலிடம்; காத்திருக்கும் மாதங்கள் சர்வீஸ் முறிவாகக் கணக்காகக் கூடாது. ஒப்பந்தம் போடுவதானால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடட்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. விடுபடுகிற இரண்டு மாதச் சம்பளமும் கொஞ்சம் கிராஜுவிட்டியும்தான் செலவு. கன்டோன்மென்ட் எல்லைக்குள் இயங்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் இதையே நிபந்தனையாக வைக்கலாம்.

தமிழ்நாட்டு அரசு நினைத்தால் டெல்லியைக் கேட்காமலே இரண்டு செய்யலாம். அரசு வேலையில் இருக்கும் படைவீரரின் மனைவிக்கு, கணவர் குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனில் இருக்கும் காலத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு உரிமையாகக் கிடைக்க வேண்டும். அதிகாரியின் தயவுக்கு அதை விடக் கூடாது. சீனியாரிட்டியும் போகக் கூடாது. மூன்று வருஷம் கழித்து அவர் ஃபீல்டுக்குப் போவார், இவள் பள்ளிக்குத் திரும்பி வருவாள். இரண்டாவது, அரசுத் தேர்வுகளில் வயது வரம்பு இருக்கும் இடங்களில் கணவர் சேவை செய்த வருஷங்களில் ஒரு பகுதியையாவது இவளுக்குக் கழித்துக்கொடுப்பது. மற்ற மாநிலங்களில் பார்த்த ஆசிரியர் வேலையை, பத்து மாதத் துண்டானாலும், அனுபவமாக ஏற்பதையும் இதிலேயே எழுதிவிடலாம்.

இனி மனைவி என்று மட்டும் எழுதவும் முடியாது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்ன பிறகு, மாற்றலாகும் பெண்ணோடு பெட்டி கட்டும் கணவர்களும் கூடிக்கொண்டு வருகிறார்கள். விதியை எழுதும்போது 'துணைவர்' என்றே எழுதட்டும்.

காட்பாடிப் பள்ளியில் புதியவர் சம்பளத்துக்கே சேர்ந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷன், முதல் பீரியடு. இங்கே யாரும் யூனிட் எதுவரை என்று கேட்பதில்லை.

போன வாரம் எங்கள் தெருவிலேயே இருக்கும் கொழுந்தனார் மகனின் மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள். நர்சிங் படித்தவள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் கணவனுக்கு அம்பாலா போஸ்டிங், குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம். வேலையை விட எழுதிக்கொடுத்துவிட்டாள். "அத்தை, உங்க பழைய டிரங்குப் பெட்டி ஒண்ணு சும்மாத்தானே கிடக்கு, தர்றீங்களா?" என்று கேட்டாள். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். பழைய நம்பரும் ரேங்கும் இன்னும் அழியவில்லை. அதன்மேல் அவன் பெயின்ட் அடித்துக்கொள்வான். தடையில்லாச் சான்றுக்கு எழுதிப் போட்டாயா என்று கேட்டேன்.

"அது எதுக்குங்க அத்தை? நர்ஸ் வேலைதானே, எங்க போனாலும் கிடைக்கும்னு சொல்றாங்க" என்றாள்.

உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்து, என் ஃபைலை எடுத்துவந்தேன்.